ஊர்ப்பொருளும் ஊர்வரியும்

ஓர் ஊரின் பூங்காவிலே இரவு வேளையில் எவரோ ஒருவர் விளக்கொன்றைக் கல்லால் எறிந்து உடைத்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாட் காலையில் ஊழியர் ஒருவர் வருகிறார். சிதறிய கண்ணாடியைப் பெருக்கி எடுக்கிறார். புதிய விளக்கைப் பொருத்திவிட்டுப் போகிறார். அன்று மாலை குழந்தைகள் வழக்கம்போல் அங்கே விளையாடுகின்றனர். விளக்கை உடைத்தவரும் அவ்வழியே நடந்து செல்லக்கூடும். எல்லாம் முன்போல் ஆகிவிட்டதாகவே தோன்றும். ஆயினும் ஓர் ஏட்டில் ஒரு செலவு எழுதப்பட்டிருக்கிறது. அச்செலவை ஏற்றவர் யார்?

நகராண்மைக் கழகம் என்று நாம் எளிதாக விடை கூறிவிடுகிறோம். கழகத்திற்கென்று தனியாகப் பணம் காய்க்கும் மரம் எதுவும் இல்லை. வீட்டுவரியும், குடிநீர்க் கட்டணமும், சந்தைக் குத்தகையும், அரசினர் தரும் மானியமும் சேர்ந்ததே அதன் கருவூலம். அப்படியானால் விளக்கை உடைத்தவரும், உடைக்காதவரும், அவ்விளக்கின் ஒளியை ஒருநாளும் கண்டறியாத முதியவரும் சேர்ந்தே அதன் விலையைச் செலுத்தினர் என்பது பெறப்படும். இது முறையா? முறையில்லையெனில் வேறு எது முறை?

இவ்வினா சிறியதாகத் தோன்றும். ஆனால் ஊர்ப்பொருள் என்று ஒன்று உண்டான நாள் முதல் மனிதர் இதனைக் கேட்டு வந்திருக்கின்றனர். தூத்துக்குடிக் கடற்கரையின் வரலாற்றைப் புரட்டினால், இதற்கு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகள் கூறப்பட்டதைக் காணலாம். முத்து விளைந்த கடல் ஒரு விடை கூறுகிறது. 1908ஆம் ஆண்டின் எழுச்சி மற்றொரு விடையைத் தருகிறது. கடலுக்குள் மூழ்கிக்கொண்டிருந்த ஒரு தீவு மூன்றாவது விடையைத் தருகிறது. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலில் முத்துக் கடலைப் பார்ப்போம். கொற்கையின் காலந்தொட்டுப் பாண்டிநாட்டுக் கடலின் முத்து உலகப் புகழ் பெற்றது. கரையிலிருந்து சில கல் தொலைவில், கடலின் அடித்தளத்தில் பாறைகள் பரந்துள்ளன. அவற்றைப் 'பார்' என்பது கடற்றொழிலாளர் வழக்கு. அப்பார்களில் முத்துச் சிப்பிகள் ஒட்டி வாழும். சிப்பி முற்றுவதற்குச் சில ஆண்டுகள் ஆகும். முற்றும் முன்னே எடுத்தால் முத்து இராது. காலங்கடந்து எடுத்தால் சிப்பி மடிந்து போகும். ஆகவே அதிகாரிகள் அவ்வப்போது பார்களைச் சோதித்து, விளைவு கண்ட ஆண்டில் மட்டுமே குளிப்புக்கு நாள் குறித்தனர். அந்நாளில் கரையிலே ஒரு புதிய நகரமே எழும். குளிகாரர் கல்லைக் காலிற் கட்டிக் கடலின் அடிக்குச் சென்று சிப்பிகளை வாரி வருவர். பிற்கால ஆங்கில ஆட்சியில் சிப்பிகளில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்க்கும், எஞ்சியது அரசினர்க்கும் என்று பிரிக்கப்பட்டது.

இங்கே நாம் கருத வேண்டியது குளிப்பு நடந்த ஆண்டுகளை அன்று, நடவாத ஆண்டுகளையே. 1860 முதல் 1862 வரை தூத்துக்குடியில் குளிப்பு நடைபெற்றது. அதன்பின் குறிப்பிடத்தக்க குளிப்பு 1889ஆம் ஆண்டில்தான் வாய்த்தது. இடையில் ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் கடல் ஒன்றும் தரவில்லை. ஆயினும் பார்களைச் சோதிக்கும் வேலையும், காவற் படகுகளும் வேண்டியே இருந்தன. வேலியில்லாத, கண்ணுக்கும் தெரியாத ஒரு தோட்டத்தை ஆண்டுக்கணக்காகக் காப்பது எளிதன்று. இக்காவலுக்கான செலவை, என்றோ வரப்போகும் விளைவை நம்பியே அரசினர் செய்தனர். பொருளின் பயனே பொருளின் காவலுக்குப் பொறுப்பேற்றது எனலாம். பயனை அடைபவர் எவரோ அவரே காவற்செலவையும் ஏற்க வேண்டும் என்னும் நெறி இதில் அடங்கியிருக்கிறது.

இந்நெறிக்கு ஓர் எல்லையும் உண்டு. காவற் படகு மனிதனைத் தடுக்கும், கடலைத் தடுக்காது. சிப்பிகளைத் தின்னும் மீன்களும், பாரின்மேல் படர்ந்து சிப்பிகளை மூடி அழிக்கும் 'சூரன்' என்னும் சிறு சிப்பியினமும், நீரோட்டம் கொணரும் மணலும் காவலரைக் கண்டு அஞ்சுவதில்லை. 1955 முதல் 1961 வரை நடைபெற்ற குளிப்புகளுக்குப் பின் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடைபெறவே இல்லை. பொருள் மறைந்தால் அதன் பயனைக் கொண்டு நடந்த காவலும் நின்றுவிடும். பின்னர் அக்கடலுக்கு நேர்ந்ததை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்குமுன் கரைக்கு வருவோம்.

கரையிலே 1908ஆம் ஆண்டு பெரும் புயல் ஒன்று வீசியது. ஒட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை, 1906ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆங்கிலக் கம்பெனிக்கே உரியதாயிருந்த கடல்வழியில் சுதேசிக் கப்பல்கள் ஓடத் தொடங்கின. 1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் மில்லின் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். கூலி உயர்வும் வார விடுமுறையும் பெற்றுத் தொழிலாளர் வேலைக்குத் திரும்பினர். மார்ச் 9ஆம் நாள் விபின் சந்திர பாலர் சிறையினின்று விடுதலையானதைக் கொண்டாடியது ஆட்சியாளரின் சினத்தை முற்றச் செய்தது. மார்ச் 12ஆம் நாள் தலைவர்கள் திருநெல்வேலியில் கைது செய்யப்பட்டனர்.

மறுநாள் மார்ச் 13. திருநெல்வேலியில் கடைகள் அடைக்கப்பட்டன. மக்கள் திரள் தெருவில் இறங்கியது. கல்லூரி மாணவர்களும் அதிற் கலந்தனர். நகராண்மைக் கழக அலுவலகம், அஞ்சலகம், காவல் நிலையம், முனிசீப்பு நீதிமன்றம் ஆகியவை தாக்கப்பட்டன. இருக்கைகளும் ஏடுகளும் தீயிடப்பட்டன. நகராண்மைக் கழகத்தின் மண்ணெண்ணெய்க் கிடங்கு தீக்கு இரையாயிற்று. போலீசார் சுட்டதில் நால்வர் உயிரிழந்தனர். தூத்துக்குடியிலும் கடைகள் மூடப்பட்டன. கோரல் மில்லின் தொழிலாளர் மீண்டும் வேலையை நிறுத்தினர். முன்னர் கூலிக்காக நின்றவர், இம்முறை தம் தலைவர்க்காக நின்றனர். பத்தாண்டு கழித்து, 1918இல் வெளிவந்த ரௌலட் குழுவின் அறிக்கை இந்நிகழ்ச்சியைக் குறிப்பிடும்போது, திருநெல்வேலி நகரில் சார்பதிவாளர் அலுவலகம் ஒன்று நீங்கலாகப் பொதுக் கட்டடங்கள் எல்லாம் தாக்கப்பட்டன என்று கூறுகிறது. இக்குற்றத்திற்காக 27 பேர் தண்டிக்கப்பட்டனர் என்றும் அதுவே கூறுகிறது.

இந்த 27 என்னும் எண்ணை மாணவர்கள் நினைவில் நிறுத்த வேண்டும். நீதிமன்றம் சாட்சிகளைக் கேட்டுக் குற்றவாளி என்று தீர்மானித்தவர் அத்தனை பேரே. ஆனால் தண்டனை அவர்களோடு நிற்கவில்லை. திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் அரசினர் தண்டப் போலீஸ் படையை நிறுத்தினர். அப்படையின் செலவு அவ்வூர் மக்கள்மீதே வரியாக விதிக்கப்பட்டது. இத்தகைய வரிக்குத் தமிழ் வழக்கில் 'திமிர் வரி' என்று பெயர். ஊரின் திமிரை அடக்குதற்கான வரி என்பது பொருள். பெயரிலேயே ஆள்பவரின் நோக்கமும் ஆளப்படுபவரின் கசப்பும் ஒருங்கே ஒலிக்கின்றன.

இவ்வரிக்குச் சட்டத்தின் துணை இருந்தது. 1861ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டத்தின் 15ஆம் பிரிவு, அமைதி குலைந்தது என்று அரசு அறிவிக்கும் பகுதியில் கூடுதல் போலீசாரை நிறுத்தவும், அச்செலவை அப்பகுதி மக்களிடமே வசூலிக்கவும் இடமளித்தது. ஒவ்வொருவரும் எவ்வளவு செலுத்த வேண்டும் என்பதை மாஜிஸ்திரேட்டு தம் மதிப்பீட்டின்படி வகுப்பார். எவரையேனும், எந்தப் பிரிவினரையேனும் விலக்க அரசினர்க்கு அதிகாரம் உண்டு. 1895ஆம் ஆண்டில் வந்த திருத்தம் இன்னும் ஒருபடி சென்றது. ஊராரின் தவறான செயலால் பொருளிழந்தவர்க்கும் உடற்காயமுற்றவர்க்கும் ஈடு வழங்கி, அத்தொகையையும் ஊராரிடமே வசூலிக்கலாம் என்றது. இப்பங்கீட்டில் வினவப்பட்டது 'இவர் எவ்வளவு செலுத்த வல்லவர்?' என்பதே. 'இவர் கல்லெறிந்தாரா?' என்று எவரும் வினவ வேண்டியதில்லை.

இது ஆங்கிலேயர் இந்தியாவுக்கென்றே வகுத்த கருத்து என்று எண்ணிவிடுதல் கூடாது. அவர்தம் நாட்டிலே இதற்கு நீண்ட வேர் உண்டு. 1285ஆம் ஆண்டின் வின்செஸ்டர் சட்டம், ஒரு வட்டாரத்தில் கொள்ளை நடந்து கள்வர் பிடிபடாவிடில் அவ்வட்டாரத்து மக்களே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்று விதித்தது. போலீஸ் என்னும் அமைப்பே இல்லாத காலம் அது. அண்டை வீட்டாரே காவலர். கள்வனைப் பிடிப்பதில் ஊரார்க்கு அக்கறை உண்டாக்குவதே சட்டத்தின் கருத்து. 1886ஆம் ஆண்டின் கலவர இழப்பீட்டுச் சட்டம் அதே கருத்தைப் புதுக்கியது. கலவரத்தில் வீடும் கடையும் இழந்தவர்க்குப் போலீஸ் வரிப்பணத்திலிருந்து ஈடு தரப்பட்டது. காவல் செய்யத் தவறிய அமைப்பே இழப்பை ஏற்க வேண்டும் என்பது அதன் உட்பொருள்.

ஒரே வேரிலிருந்து தோன்றிய இரு கிளைகள் எவ்வளவு வேறுபட்டுவிட்டன என்பதைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்திலே ஊர்ப்பணம் கலவரத்தால் நொந்தவரைச் சென்றடைந்தது. திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் ஊர்ப்பணம் ஊரை அடக்க வந்த படைக்குச் சென்றது. அங்கே வரி செலுத்தியவர்க்கு ஆட்சியைத் தேர்ந்தெடுப்பதில் ஓரளவேனும் பங்கு உண்டு. இங்கே அது பெரிதும் இல்லை. தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் 1866ஆம் ஆண்டு முதலே நகராண்மைக் கழகங்கள் இருந்தன என்பது உண்மை. ஆனால் குறிப்பிட்ட அளவு வரி செலுத்திய சிலர்க்கே வாக்குரிமை இருந்தது. அதற்கு மேற்பட்ட ஆட்சியில் அவர்களுக்கும் குரல் இல்லை. செலவில் மட்டும் எல்லார்க்கும் பங்கு. தீர்மானத்தில் சிலர்க்கே பங்கு.

இப்போது எரிந்துபோன கட்டடங்களை மறுபடியும் எண்ணிப் பார்ப்போம். அவற்றை எரித்தவர்கள் அவை அயலாரின் கட்டடங்கள் என்று கருதினர். நகராண்மைக் கழகத்தின் சுவரிலே அவர்கள் கண்டது தம் வீட்டுவரியை அன்று, கலெக்டரின் அதிகாரத்தையே. அவ்வாறு அவர்கள் கருதியதற்கு ஆட்சி முறையே காரணம். ஆனாலும் அஞ்சலகத்தில் இருந்த கடிதங்கள் ஊராருடையவை. நீதிமன்றத்தில் எரிந்த ஏடுகளில் இருந்தவை ஊராரின் வழக்குகள். கழகத்தின் கூரையை மீண்டும் வேய வேண்டுமாயின் அதற்கும் ஊராரின் வரியைத் தவிர வேறு வழியில்லை. தம்முடையது என்று உணர்த்தப்படாத ஒரு பொருளை மக்கள் அழித்தனர். அழிந்தபின் செலவுச் சீட்டு வந்தபோதுதான் அது தம்முடையது என்பது அவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டது. 1908ஆம் ஆண்டின் துயரமான படிப்பினை இதுவே என்று கூறலாம்.

சிதம்பரம் பிள்ளைக்கு 1908 ஜூலை 7ஆம் நாள் செஷன்ஸ் நீதிபதி பின்ஹே கடுந்தண்டனை விதித்தார். பின்னர் மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. கலவரம் நடந்தபோது அவர் காவலில் இருந்தார் என்பதை நாம் மறத்தல் ஆகாது. 1912 டிசம்பரில் அவர் விடுதலை பெற்று வெளிவந்தபோது சுதேசிக் கப்பல் கம்பெனி இல்லை. அவர் கப்பல் விட்ட துறைமுகம் 2011ஆம் ஆண்டு முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

திமிர் வரி செலுத்திய அதே தூத்துக்குடி, பின்னர் வேறொரு வகையில் வரிப்பணத்தைச் செலவிட்டதையும் இங்கே கூறுதல் பொருந்தும். அவ்வூரின் நெடுநாளைய குறை குடிநீர். கடலருகே கிணறு தோண்டினால் உப்புநீரே கிடைக்கும். குரூஸ் பர்னாந்து நகராண்மைக் கழகத் தலைவராக இருந்த காலத்தில், வல்லநாட்டிலிருந்து தாமிரவருணி நீர் குழாய் வழியே தூத்துக்குடிக்கு வந்தது. 1927ஆம் ஆண்டில் அத்திட்டம் நிறைவேறியது. ஒரு வரி அச்சத்தால் வாங்கப்பட்டது. மற்றொரு வரி தெருக்குழாயில் நீராக வந்து வீழ்ந்தது. செலுத்தியவர் அதே மக்கள்தாம். தம் வரி எங்கே போகிறது என்பதைத் தண்ணீர்க் குடத்தோடு நின்ற ஒவ்வொரு பெண்ணும் கண்ணாற் கண்டாள். அத்தகைய குழாயை உடைக்க எவரேனும் வந்தால், அவரைத் தடுப்பதற்குத் தண்டப் போலீஸ் வேண்டியதில்லை.

ஊர் முழுவதன்மேலும் தண்டம் விதிக்கும் வழக்கம் 1908உடன் ஒழிந்துவிடவில்லை. 1942ஆம் ஆண்டு 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தின்போது கூட்டு அபராதத்திற்கென்றே தனி அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. நாட்டின் பல பகுதிகளில் தண்டவாளம் பெயர்க்கப்பட்டாலும், தந்திக்கம்பி அறுக்கப்பட்டாலும் அருகிலிருந்த ஊர்கள் பணம் கட்டின. முத்துக் கடற்கரையைச் சேர்ந்த குலசேகரன்பட்டினத்தில் அவ்வாண்டு செப்டம்பர் 20ஆம் நாள் உப்பளத்தில் நடந்த நிகழ்ச்சி நாடறிந்த வழக்காயிற்று. அடிமை நாட்டில் பொதுச்சொத்தின் சேதம் என்பது எப்போதும் ஆள்பவர்க்கும் ஆளப்படுபவர்க்கும் இடையேயுள்ள போராட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது.

விடுதலைக்குப்பின் கேள்வி மாறியது. கட்டடமும் நம்முடையது, அரசும் நம்முடையது. எனவே செலவை ஊரின்மேல் போடாது, செய்தவரைக் கண்டு அவர்மேல் போடுவது எப்படி என்பதே புதிய கேள்வி. 1984ஆம் ஆண்டின் பொதுச்சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம், பொதுச்சொத்தைச் சிதைப்பவர்க்கு ஐந்தாண்டு வரையும், தீயாலோ வெடிபொருளாலோ சிதைத்தால் பத்தாண்டு வரையும் சிறைத்தண்டனை விதிக்கிறது. தமிழ்நாட்டிலே 1992ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. சேதம் செய்தவரிடமிருந்து இழப்பீடு பெறுவதற்கும் அது வழி செய்தது. 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், நீதிபதி கே. டி. தாமஸ், வழக்கறிஞர் பாலி நாரிமன் ஆகியோர் தலைமையில் அமைந்த குழுக்களின் பரிந்துரைகளை ஏற்று நெறிமுறைகளை வகுத்தது. சேதம் விளைத்தவரும், அதற்குக் காரணமான கூட்டத்தைக் கூட்டியவரும் இழப்பீட்டுக்குப் பொறுப்பாவர் என்பது அவற்றின் சாரம். 1908இன் திமிர் வரிக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது. அங்கே ஊரிலிருந்ததே குற்றமாயிற்று. இங்கே குற்றம் மெய்ப்பிக்கப்பட வேண்டும்.

ஆனால் செய்தவர் இன்னாரென்றே சுட்ட முடியாத சேதமும் உண்டு. அதனைக் காண மீண்டும் கடலுக்குச் செல்வோம். தூத்துக்குடியிலிருந்து இராமேசுவரம் வரை சங்கிலிபோல் 21 தீவுகள் உள்ளன. அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற கடலையும் சேர்த்து, 560 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பை 1986ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. மதிலும் வாயிலும் இல்லாத பூங்கா அது. அதன் செடிகள் கடற்புற்கள். அதன் மரங்கள் பவளப்பாறைகள். மீன்கள் குஞ்சு பொரித்து வளரும் இடமும், அலையின் வேகத்தைத் தணித்துக் கரையைக் காக்கும் அரணும் அப்பாறைகளே.

அப்பூங்கா அறிவிக்கப்படுவதற்கு முன்பே அதன் மதில் இடிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. முருகைக்கல் என்று கடற்கரை மக்கள் அழைக்கும் பவளக்கல், கடலிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டுப் படகு படகாகக் கரைக்கு வந்தது. வீட்டுச் சுவருக்கும், சாலைக்கும், சுண்ணாம்புக் காளவாய்க்கும், தொழிற்சாலைக்கும் அது பயன்பட்டது. பல பத்தாண்டுகள் இவ்வேலை நடந்தது. பவளத்தை எடுப்பது குற்றமென 2001ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது சேர்க்கப்பட்ட பின்னரே, வேலை படிப்படியாக நின்றது. இத்தீவுகளைச் சூழ்ந்துள்ள ஏறத்தாழ 110 சதுரக் கிலோமீட்டர்ப் பவளப்பரப்பில் 32 சதுரக் கிலோமீட்டர் சீரழிந்துவிட்டதாக ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். அரண் போனதும் அலை தீவுகளை அரித்தது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீருள் மூழ்கின. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவு 1986இல் ஏறத்தாழ 16 ஹெக்டேர் இருந்தது. 2014இல் ஏறத்தாழ 2 ஹெக்டேராகச் சுருங்கிற்று.

இச்சேதத்திற்கான சீட்டை யாரிடம் நீட்டுவது? கடலில் மூழ்கிக் கல்லைப் பெயர்த்த கூலிக்காரன் அன்றாடக் கஞ்சிக்காகச் செய்தான். காளவாய்க்காரர் கேட்டதை வாங்கினார். வீடு கட்டியவர் மலிவான சுண்ணாம்பைத் தேடினார். அவ்வீட்டில் இன்று வாழ்பவர்க்கு அதன் சுவர் கடலின் மதிலாய் இருந்தது என்பதே தெரியாது. கலவரத்திலே தீப்பந்தம் பிடித்த கை ஒன்று உண்டு. இங்கே அப்படி ஒரு கை இல்லை. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்னும் நெறியை, வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டில் நிலைநாட்டியது. ஆலைக்கு ஒரு முகவரி உண்டு. அதனிடம் பணம் கேட்கலாம். அரை நூற்றாண்டுக் காலம் ஆயிரக்கணக்கானோர் சிறிது சிறிதாகச் செய்த சேதத்திற்கு முகவரி இல்லை.

ஆகவே பொதுக் கருவூலமே அச்செலவை ஏற்றது. தேசியத் தழுவல் நிதியிலிருந்து ஏறத்தாழ 25 கோடி ரூபாய் மன்னார் வளைகுடாவின் கரையோர வாழ்விடங்களைச் சீர்ப்படுத்தும் திட்டத்திற்கு ஒதுக்கப்பட்டது. துளைகள் உள்ள சிமெண்டுக் கட்டமைப்புகள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை வான் தீவின் அருகே கடலில் இறக்கப்பட்டன. அவை அலையின் வேகத்தைத் தணித்தன. மணல் மீண்டும் படியத் தொடங்கியது. மீன்களும் வந்து சேர்ந்தன. தீவு மறையாமல் நின்றது. அடுத்து, கரைந்துகொண்டிருக்கும் கரியாச்சல்லித் தீவையும் இவ்வாறே காக்க உலக வங்கியின் உதவியோடு திட்டம் மேற்கொள்ளப்பட்டுள்ளது. ஒரு காலத்தில் படகுக் கணக்கில் சொற்ப விலைக்கு விற்ற கல்லின் இடத்தை, இன்று கோடிக்கணக்கில் செலவிட்டுச் செய்த கல் நிரப்புகிறது. அப்பணத்தைச் செலுத்துபவருள், அக்கல் பெயர்க்கப்பட்ட நாளில் பிறந்திராதவரே மிகுதி.

செப்பனிடுவதைக் காட்டிலும் தடுப்பது மலிவு என்பதை எவரும் அறிவர். தடுப்பது எங்ஙனம் என்பதில்தான் கருத்து வேறுபாடு எழுகிறது. காவற் படகும் வேண்டும், சட்டமும் வேண்டும். ஆனால் மன்னார் வளைகுடாவில் கற்ற பாடம் மற்றொன்று. கல் எடுத்துப் பிழைத்தவனுக்கு வேறு பிழைப்புக் காட்டாது படகை மட்டும் பறித்தால் அவன் இரவில் வருவான். இதனை உணர்ந்தே, 2000ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளையின் வழியாகக் கடற்கரைச் சிற்றூர்களில் குழுக்கள் அமைத்து, சிறுகடனும் மாற்றுத் தொழிலுக்கான பயிற்சியும் அளிக்கப்பட்டன. இதற்கான செலவும் காவற்செலவே. முத்துப் பாரின் காவலுக்கு அன்று அரசினர் செலவிட்டதைப் போன்றதே இதுவும். விளைவின் பங்கு கரையில் வாழ்பவனுக்கும் உண்டு என்று காட்டினால், அவனே காவலனாகிறான்.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இவ்வரலாறு தரும் விடையைத் தொகுத்துக் காண்போம். உடைத்தவர் தெரிந்தால் உடைத்தவரே செலுத்துக என்பது நேர்மை. தெரியாதபோது ஊரே செலுத்தத்தான் வேண்டும். அதற்கு மாற்று இல்லை. ஆனால் ஊரைச் செலுத்தச் சொல்வதற்கு ஒரு தகுதி வேண்டும். அப்பொருளை அமைப்பதிலும், பயன்கொள்வதிலும், அதற்கான செலவைத் தீர்மானிப்பதிலும் ஊரார்க்குப் பங்கு இருந்திருக்க வேண்டும். அந்தப் பங்கில்லாத இடத்தில் விதிக்கப்படும் கூட்டுச் செலவு தண்டம் ஆகும். அந்தப் பங்குள்ள இடத்தில் அது வரியாகும். 1908இல் தூத்துக்குடி செலுத்தியது தண்டம். 1927இல் குழாய்நீருக்குச் செலுத்தியது வரி. வான் தீவுக்காக நாம் செலுத்துவது, முன்னோர் வைத்துச்சென்ற கடன்.

இன்றைய மாணவர்க்கு 1908இன் நகர மக்களுக்கு இல்லாத உரிமை ஒன்று இருக்கிறது. நகராண்மைக் கழகத்தின் வரவு செலவுத் திட்டம் மறைபொருள் அன்று. ஒரு பூங்காவின் இருக்கைக்கும், விளக்கிற்கும், சுவரின் வண்ணத்திற்கும் எவ்வளவு செலவாயிற்று என்று கேட்டறிய எவர்க்கும் உரிமை உண்டு. பதினெட்டு வயது நிரம்பியதும் அச்செலவைத் தீர்மானிப்பவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கும் உண்டு. உங்கள் ஊரின் பூங்காவிற்கு ஒருமுறை சென்று, அங்கு உடைந்தும் கிறுக்கப்பட்டும் கிடப்பவற்றை எண்ணிப் பாருங்கள். பின்னர் அவற்றைச் செப்பனிட ஒதுக்கிய தொகை எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். அவ்விரண்டையும் அருகருகே எழுதினால், ஊர்ப்பொருள் யாருடையது என்பதற்கு நூல்கள் கூறாத விடையொன்று உங்கள் கையெழுத்திலேயே கிடைக்கும்.